கும்பகோணத்தில் ஒரு மாடி வகுப்பு: ஜாவா கலெக்ஷனை ஒழுங்காக டிக்ளேர் செய்யச் சொல்லித்தரும் இடம்

ஜாவா நிரல்மொழி படிக்க நம் பக்கத்தில் எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால் நான் இப்போது தயங்காமல் ஒரு இடத்தைச் சொல்கிறேன். கும்பகோணத்தில், மகாமகக் குளத்திலிருந்து நடந்தே போய்விடலாம், ஒரு வீட்டின் மாடியில் சாயங்காலம் நடக்கிற வகுப்பு. பெயர்ப்பலகை கிடையாது, விளம்பரம் கிடையாது, நடத்துகிற மேடம் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் நானும் போடவில்லை. சென்னையில் இன்ஷூரன்ஸ் மென்பொருளில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, வீட்டுச் சூழ்நிலையால் சொந்த ஊருக்குத் திரும்பியவர். வகுப்பில் ஜாவாவின் பல பகுதிகள் உண்டு என்றாலும், அங்கே போக வேண்டியதே ஒரே ஒரு பகுதிக்காகத்தான் என்பது என் கருத்து. ஜெனரிக் கலெக்ஷன்களை எப்படி டிக்ளேர் செய்வது என்ற பகுதி. பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கிற பட்டியல் போன்றவைதான் கலெக்ஷன், அதற்குள் எந்த வகை (டைப்) மதிப்பு இருக்கலாம் என்று சொல்லிவைப்பது ஜெனரிக்ஸ், நிரலில் அப்படி எழுதி அறிவிப்பதுதான் டிக்ளேர் செய்வது. அதை இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு கறாராகச் சொல்லித்தருகிற இடத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

நான் ஏன் இதில் இவ்வளவு அக்கறை காட்டுகிறேன் என்றால், தஞ்சாவூரில் அரிசி ஆலைகளுக்கும் உரக்கடைகளுக்கும் பில்லிங், சரக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிற சின்ன அலுவலகம் எங்களுடையது. புதிதாகச் சேருகிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், லாஜிக் தெரியும், ராத்திரி பகல் பார்க்காமல் உட்காருவார்கள். ஆனால் அவர்கள் எழுதிய நிரலைத் திறந்தால் வரிக்கு வரி இப்படித்தான் இருக்கும் (படிக்க வசதியாக எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன்):

லிஸ்ட் எடைகள் = நியூ அரேலிஸ்ட்();

அரேலிஸ்ட் என்பது லிஸ்டில் ஒரு வகை. உள்ளே என்ன இருக்கப்போகிறது என்று எதுவுமே சொல்லாத பட்டியல். ஏன் இப்படி என்று கேட்டால், "காலேஜ்ல இப்படித்தான் சார் போட்டோம், ஓடுச்சு" என்பார்கள். ஒரு கல்லூரியின் பயிற்சி முகாமுக்கு நானே போய்ப் பார்த்திருக்கிறேன். கலெக்ஷன் என்ற மொத்தப் பாடத்தையும் ஒரே மத்தியானத்தில் முடித்தார்கள், அதுவும் ஸ்லைடில் ஒரு மரப்படம் போட்டு, மேலே கலெக்ஷன், கீழே லிஸ்ட், செட், கியூ, அதற்குக் கீழே இன்னும் பத்துப் பெயர்கள். பிள்ளைகள் படத்தை போனில் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர்கூட அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு வரி டைப் செய்யவில்லை. < > என்ற கோணல் அடைப்புக்குறிக்குள் என்ன போட வேண்டும், போடாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கும்பகோணத்து வகுப்புக்கு அனுப்பினோம். திரும்பி வந்தவர்கள் எழுதுகிற விதமே மாறியிருந்தது. என்னதான் சொல்லித்தருகிறார்கள் பார்ப்போம் என்று அந்தப் பகுதிக்கு மட்டும் நானும் போய் உட்கார்ந்தேன்.

முதல் நாளே பிடித்துப்போனது, காரணம் எடுத்துக்கொண்ட உதாரணம். எம்ப்ளாயி, டிபார்ட்மென்ட், சேலரி என்று எந்தப் புத்தகத்திலும் இருக்கிற விஷயம் எதுவும் இல்லை. பலகையில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்து நோட்டை அப்படியே எழுதினார்: டோக்கன் எண், விவசாயி பெயர், ரகம், சிப்பம் எத்தனை, ஈரப்பதம் எவ்வளவு. சிப்பம் என்றால் 40 கிலோ மூட்டை, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் பிரச்சினை, சன்னரகத்துக்கு ஒரு விலை, பொதுரகத்துக்கு ஒரு விலை என்பதையெல்லாம் அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வந்திருந்த பாதிப் பேர் வலங்கைமான், பாபநாசம், ஆடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகள், அப்பாவோடு சேர்ந்து களத்தில் நெல்லைக் காயவைத்து தார்ப்பாய் போட்டு மூடிக் காவல் இருந்தவர்கள். மாறிகளின் பெயரைக்கூடத் தமிழிலேயே எழுத விடுகிறார். ஜாவாவில் அது தாராளமாக ஓடும், யூனிகோட் எழுத்துகளை அது தொடக்கத்திலிருந்தே பெயர்களில் ஏற்றுக்கொள்கிறது. விண்டோஸில் ஜாவாவின் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் மட்டும் கம்பைல் செய்யும்போது (நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும்போது) எழுத்துக்குறியீடு யூடிஎஃப் 8 என்று குறிப்பிட வேண்டும், 2022இல் வந்த ஜாவா 18இலிருந்து அதுவும் தேவையில்லை.

அந்த முதல் பயிற்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வகுப்பின் தரம் அதிலேயே தெரிந்துவிடும். டைப் போடாத ஒரு லிஸ்டை உருவாக்கச் சொன்னார். அதில் மூன்று சிப்பத்தின் எடையை நேரடியாக எண்ணாகச் சேர்க்க வேண்டும், அடுத்த மூன்றை ஒரு டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து வரி வரியாகப் படித்துச் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் சேர்த்தார்கள். பிறகு பட்டியலைத் திரையில் அச்சிடச் சொன்னார். 40, 40, 40, 40, 40, 40 என்று ஆறும் ஒரே மாதிரி வந்தது. எல்லாருக்கும் திருப்தி. அடுத்து நிரலின் வேறொரு கிளாஸில் எழுதி வைத்திருந்த கூட்டல் மெத்தடுக்கு (கூட்டுகிற வேலையைச் செய்யும் நிரல் துண்டுக்கு) அந்தப் பட்டியலைக் கொடுக்கச் சொன்னார், அது ஒவ்வொன்றையும் இன்டிஜராக (முழு எண்ணாக) காஸ்ட் செய்து, அதாவது அந்த டைப் என்றே எடுத்துக்கொண்டு, கூட்டும். ஓட்டியதும் கிளாஸ்காஸ்ட்எக்ஸப்ஷன் என்ற பிழை. ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) இன்டிஜராக்க முடியாது என்று சொல்லி நின்றுவிட்டது.

முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி உடனே கூட்டல் மெத்தடைத் திறந்து நோண்ட ஆரம்பித்தான். எரர் அந்த வரியைத்தானே காட்டுகிறது. மேடம் அவனைத் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, "அந்த மெத்தட் என்ன தப்பு பண்ணுச்சு தம்பி?" என்று மட்டும் கேட்டார். அவன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஒண்ணும் பண்ணலை மேடம்" என்றான். அப்போதுதான் எல்லாரும் ஃபைலைப் படிக்கிற வரிக்குப் போனார்கள். ஃபைலிலிருந்து வந்தது 40 என்ற எழுத்து, எண் இல்லை. அச்சிட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தப்பு நடந்த இடம் ஒன்று, நின்றுபோன இடம் இன்னொன்று, நடுவில் எத்தனை ஃபைல் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆலையில் பில் போடுகிற நேரத்தில் இப்படி நின்றால் லாரிக்காரர் வாசலில் கத்திக்கொண்டிருப்பார், நாம் தப்பே இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருப்போம்.

அப்புறம் அதே நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றச் சொன்னார்:

லிஸ்ட்<இன்டிஜர்> எடைகள் = நியூ அரேலிஸ்ட்<>();

அவ்வளவுதான். ஓட்டவே வேண்டியதில்லை, ஃபைலிலிருந்து படித்துச் சேர்க்கிற வரியில் பிழை என்று சிவப்புக்கோடு விழுந்தது. தப்பு எங்கே நடக்கிறதோ அங்கேயே, நடப்பதற்கு முன்னாலேயே. கூட்டல் மெத்தடிலும் அளவுருவுக்கு, அதாவது அது வாங்குகிற பட்டியலுக்கு, டைப் போட்ட பிறகு அந்த காஸ்ட்டையே எடுத்துவிடலாம். இதை எனக்குத் தெரிந்த பலரும் வாயால் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன், ஜெனரிக்ஸ் டைப் சேஃப்டி தரும் என்று. வாயால் கேட்டுப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். அந்த ஆறு நாற்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

டைப் போடாமல் எழுதவே விடாமல் ஜாவா தடுத்திருக்கலாமே என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி, மேடம் அதற்கு வரலாற்றைச் சொன்னார். கலெக்ஷன் ஃபிரேம்வொர்க் 1998இல் ஜாவா 1.2ஓடு வந்தது. ஜெனரிக்ஸ் வந்ததோ 2004 செப்டம்பரில், ஜாவா 5இல். நடுவில் உலகம் முழுக்க எழுதிக் குவித்த நிரல் எல்லாம் டைப் இல்லாத லிஸ்ட்தான். அதையெல்லாம் ஒரே நாளில் உடைக்க முடியாது என்பதால், பழையதும் ஓட வேண்டும், புதியதும் ஓட வேண்டும், இரண்டும் ஒன்றை ஒன்று கூப்பிடவும் வேண்டும் என்று வைத்தார்கள். அதற்காகக் கம்பைலர் டைப்பையெல்லாம் சரிபார்த்துவிட்டு, ஓடும் நிரலிலிருந்து அழித்துவிடுகிறது. ஓடும்போது லிஸ்ட்<இன்டிஜர்> வெறும் லிஸ்ட்தான். 2005இல் சி ஷார்ப் 2.0இல் வந்த ஜெனரிக்ஸ் அப்படி இல்லை, அங்கே ஓடும்போதும் டைப் கூடவே இருக்கும். ஜாவாவில் கம்பைல் செய்கிற அந்த ஒரு நேரம்தான் நமக்குக் கிடைக்கிற முக்கியமான காவல், அதைக் கைவிட்டால் ஓடும்போது வேறெங்கோ வெடிக்கும் என்பதை இதிலிருந்து பிள்ளைகள் தாங்களாகவே பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது நாள் எனக்கே மிகவும் பயன்பட்ட நாள். பாதி மட்டும் சரியாக டிக்ளேர் செய்வது எப்படியெல்லாம் நடக்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். இடப்பக்கம் வெறும் லிஸ்ட், வலப்பக்கம் மட்டும் இன்டிஜர் என்று டைப் போட்டால்? பிரயோஜனம் இல்லை, கம்பைலர் பார்ப்பது இடப்பக்கத்து டைப்பைத்தான், எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். இடப்பக்கம் சரியாகப் போட்டுவிட்டு வலப்பக்கம் கோணல் அடைப்புக்குறியை விட்டுவிட்டால்? காலிப் பட்டியலாக இருந்தால் எதுவும் ஆகாது, எச்சரிக்கை மட்டும் வரும். ஆனால் பழைய பட்டியல் ஒன்றைப் பிரதி எடுக்கும்போது பாருங்கள்:

லிஸ்ட்<இன்டிஜர்> எடைகள் = நியூ அரேலிஸ்ட்(பெயர்கள்);

பெயர்கள் என்பது லிஸ்ட்<ஸ்ட்ரிங்>. இது கம்பைல் ஆகிவிடும்! விவசாயிகள் பெயரெல்லாம் எடைப் பட்டியலுக்குள் போய் உட்கார்ந்துவிடும், யாரும் கேட்க மாட்டார்கள், ஒரு எச்சரிக்கையைத் தவிர. அரேலிஸ்ட்டுக்குப் பின்னால் <> என்ற அந்த இரண்டே எழுத்தைப் போட்டால் உடனே எரர். ஜாவா 7இலிருந்து, அதாவது 2011இலிருந்து, இந்த வைரக்குறி இருக்கிறது. டைப் பண்ணுகிற வேலையைக் குறைப்பதற்குத்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள், அதை விட்டுவிட்டால் இப்படி ஓட்டை விழும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அதேபோல வார், மாறியின் டைப்பை நாம் எழுதாமல் கம்பைலரையே ஊகித்துக்கொள்ளச் சொல்கிற சொல். 2018இல் ஜாவா 10இல் வந்தது, பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இடப்பக்கம் எதுவும் யோசிக்க வேண்டாம். ஆனால் இப்படி எழுதினால்:

வார் எடைகள் = நியூ அரேலிஸ்ட்<>();

இடப்பக்கமும் சொல்லவில்லை, வலப்பக்கமும் சொல்லவில்லை, கம்பைலர் என்ன செய்யும்? அரேலிஸ்ட்<ஆப்ஜெக்ட்> என்று எடுத்துக்கொள்ளும். ஆப்ஜெக்ட் என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான டைப், அதனால் மறுபடி எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், இந்த முறை எச்சரிக்கைகூட வராது. மேடம் வாரை வேண்டாம் என்று சொல்லவில்லை. வார் போட்டால் வலப்பக்கம் அரேலிஸ்ட்<இன்டிஜர்> என்று முழுசாக எழுது, வைரக்குறி போட்டால் இடப்பக்கம் முழுசாக எழுது, இரண்டில் ஒரு பக்கமாவது வாயைத் திறந்து சொல்லிவிடு என்றார். எங்கள் அலுவலகத்தில் இப்போது இதுதான் விதி.

எச்சரிக்கைகளை மதிக்கிற பழக்கத்தையும் அங்கே ஊட்டிவிடுகிறார்கள். கம்பைல் செய்ததும் கடைசியில் ஒரு குறிப்பு வருமே, இந்த ஃபைலில் சரிபார்க்காத அல்லது பாதுகாப்பில்லாத வேலைகள் இருக்கின்றன என்று, அதை யாரும் படிப்பதில்லை. அது எரர் இல்லை, நிரல் ஓடுகிறது, போதும் என்று விட்டுவிடுவார்கள். இங்கே எக்ஸ்லின்ட் ஆப்ஷனைப் போட்டுத்தான் கம்பைல் செய்ய வேண்டும், எந்த வரியில் என்ன கோளாறு என்று அது விவரமாகச் சொல்லும், ஒரு எச்சரிக்கை இருந்தாலும் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு இல்லை. எச்சரிக்கையை வாயடைக்கிற சப்ரஸ்வார்னிங்ஸ் போட ஆசைப்பட்ட ஒருவரிடம், போடு, ஆனால் ஏன் இது பாதுகாப்பானது என்று பக்கத்திலேயே கமென்ட் எழுதிவிட்டுப் போடு என்றார். எழுத உட்கார்ந்தபோது எழுதுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. நிரலைத்தான் திருத்த வேண்டி வந்தது.

லிஸ்ட் என்று இடப்பக்கம் எழுதுவதா, அரேலிஸ்ட் என்று எழுதுவதா என்பதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. மெத்தடின் அளவுருவாகவும் திருப்பித் தருவதாகவும் இருக்கும்போது இன்டர்ஃபேஸ் பெயர், அதாவது பொதுவான லிஸ்ட் என்ற பெயர், போட்டால் பின்னாளில் மாற்றுவது சுலபம், அரேலிஸ்ட்டுக்கு மட்டுமே உரிய ஒன்று தேவைப்பட்டால் அதை எழுது, அவ்வளவுதான். சரியான அளவு என்றுதான் சொல்வேன், இதை ஒரு சமயப் பிரச்சினை மாதிரி வைத்து மணிக்கணக்கில் வாதிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வகுப்பின் உச்சம் மூன்றாவது நாள். சிப்பம் என்று ஒரு கிளாஸ். அதை எக்ஸ்டெண்ட் செய்து, அதாவது அதன் துணை வகைகளாக, சன்னரகச்சிப்பம், பொதுரகச்சிப்பம் என்று இரண்டு. சிப்பங்களின் மொத்த எடையைக் கணக்கிடுகிற மெத்தட் ஒன்று, அது லிஸ்ட்<சிப்பம்> வாங்கும். அதற்கு லிஸ்ட்<சன்னரகச்சிப்பம்> கொடுத்தால் கம்பைலர் ஒத்துக்கொள்ளவில்லை. வகுப்பே கொந்தளித்தது.

"சன்னரகமும் சிப்பம்தானே மேடம்? ஏன் வாங்க மாட்டேங்குது?"

"சிப்பம்தான். நீ குடுத்த பட்டியலை வாங்கினவன் அதுல ஒரு பொதுரகத்தைச் சேத்துட்டா? அவனைப் பொறுத்தவரை அது வெறும் சிப்பம் பட்டியல், சேக்கலாம். உன்னைப் பொறுத்தவரை அது சன்னரகம் மட்டும் இருக்கிற பட்டியல். நாளைக்கு நீ சன்னரக விலை போட்டு பில் எடுப்பே."

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. கொள்முதல் நிலையத்தில் இரண்டு ரகம் கலந்துபோனால் என்ன தகராறு வரும் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். இதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. சன்னரகம் சிப்பத்தின் துணை வகையாக இருக்கலாம், ஆனால் சன்னரகப் பட்டியல் சிப்பப் பட்டியலின் துணை வகை ஆகாது. இதை இன்வேரியன்ஸ் என்று பெயர் சொல்லி, அம்புக்குறி போட்ட படங்களோடு எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன், எதுவும் இவ்வளவு சீக்கிரம் உள்ளே இறங்கியதில்லை.

அதோடு விடவில்லை. இதே விஷயத்தை அரேயில் (அளவு மாறாத வரிசையில்) செய்து பாருங்கள் என்றார். சிப்பம் அரே என்று டிக்ளேர் செய்த மாறியில் சன்னரகச்சிப்பம் அரேயை வைத்தால் கம்பைலர் வாயே திறப்பதில்லை, ஏற்றுக்கொள்கிறது. அதில் பொதுரகச்சிப்பத்தைப் போடும் வரியும் கம்பைல் ஆகிறது. ஓட்டினால் அந்த வரியில் அரேஸ்டோர்எக்ஸப்ஷன் என்ற பிழை. அரே ஒரு வழியில் போகிறது, ஜெனரிக்ஸ் இன்னொரு வழியில் போகிறது, இரண்டில் எது முன்கூட்டியே சொல்கிறது என்று நீங்களே பாருங்கள் என்று விட்டுவிட்டார்.

பிறகு தீர்வு. படிப்பதற்கு மட்டும் பட்டியலை வாங்குகிற மெத்தடில் இப்படி எழுத வேண்டும்:

லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் சிப்பம்>

சிப்பமோ அதன் துணை வகையோ இருக்கிற பட்டியல் என்று பொருள். இப்போது சன்னரகப் பட்டியலும் கொடுக்கலாம், பொதுரகப் பட்டியலும் கொடுக்கலாம், எடையைக் கூட்டலாம். ஆனால் உள்ளே ஒரு சிப்பத்தைச் சேர்க்கப் பார்த்தால் கம்பைலர் விடாது, மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நல் ஒன்றைத் தவிர. ஏன் விடாது என்று இந்த முறை பிள்ளைகளே சொன்னார்கள். எழுதுவதற்கு மட்டும் வாங்குகிற மெத்தடில் எக்ஸ்டெண்ட்ஸுக்குப் பதில் சூப்பர், அதாவது சிப்பமோ அதற்கு மேலான வகையோ. எடுக்கிற இடத்தில் எக்ஸ்டெண்ட்ஸ், போடுகிற இடத்தில் சூப்பர் என்று பலகையின் மூலையில் எழுதி, பகுதி முடியும்வரை அழிக்கவே இல்லை. ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே கலெக்ஷன்ஸ் கிளாஸின் காப்பி மெத்தடைத் திறந்து காட்டினார், போய்ச் சேருகிற லிஸ்டுக்கு சூப்பர், எடுத்துக்கொள்கிற லிஸ்டுக்கு எக்ஸ்டெண்ட்ஸ் என்று ஒரே வரியில் இரண்டும் இருக்கும். திருப்பித் தருகிற டைப்பில் மட்டும் கேள்விக்குறியைப் போடாதே, வாங்குகிறவன் தலையில் சுமையை ஏற்றாதே என்பதும் அன்றைக்குச் சொன்னதுதான்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். சூப்பர் பகுதியை அவசரமாக முடித்தார். எக்ஸ்டெண்ட்ஸுக்கு ஒரு முழு நாள் கொடுத்தவர் சூப்பருக்குக் கால் மணி நேரம்தான் கொடுத்தார், பின்வரிசைப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாலே புரியவில்லை என்று தெரிந்தது. டைப் அழிந்துபோவதால் வருகிற நடைமுறைச் சிக்கல்களும் போதாது. லிஸ்ட்<ஸ்ட்ரிங்> வாங்குகிற ஒரு மெத்தடும் லிஸ்ட்<இன்டிஜர்> வாங்குகிற ஒரு மெத்தடும் ஒரே பெயரில் ஒரே கிளாஸில் இருக்க முடியாது, அழித்த பிறகு இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதால் கம்பைலர் மறுக்கும். வேலைக்குப் போன முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் இதில் மாட்டுவார். வகுப்பில் இது வரவில்லை.

ஒரு சாவிக்கு ஒரு மதிப்பு என்று சேர்த்து வைக்கிற மேப்புக்கும் இன்னும் நேரம் வேண்டும். ரகத்துக்கு ஒரு பட்டியல் என்று மேப்<ஸ்ட்ரிங், லிஸ்ட்<சிப்பம்>> டிக்ளேர் செய்து, ஆடுதுறை 43, சிஆர் 1009, பிபிடி என்று ரகவாரியாகப் பிரிக்கச் சொன்ன பயிற்சி அருமை. டோக்கனைச் சாவியாக வைக்கும்போது இரண்டு சாவி ஒன்றா என்று பார்க்க அதற்கு ஈக்வல்ஸும் ஹாஷ்கோடும் வேண்டும், ரெக்கார்டாக (தரவை வைப்பதற்கான சுருக்கமான கிளாஸாக) எழுதிவிட்டால் இரண்டும் தானாகக் கிடைக்கும் என்றதும் நன்று. ஆனால் சாவியைக் கொடுத்து மதிப்பை எடுக்கிற மேப்பின் கெட் மெத்தட் எந்த ஆப்ஜெக்டையும் வாங்கிக்கொள்ளும் என்பதைச் சொல்லாமல் விட்டார். மேப்<இன்டிஜர், சிப்பம்> என்று கச்சிதமாக டிக்ளேர் செய்துவிட்டு, கெட்டில் 101 என்பதை மேற்கோள்குறிக்குள் ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது, நல் திரும்பி வரும். ஒழுங்காக டைப் போட்டவர்களையும் ஏமாற்றுகிற இடம் இது, கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும். இடைவேளையில் மேடமிடமே சொன்னேன், குறித்துக்கொண்டார்.

இன்டிஜர் பற்றி அவர் காட்டிய ஒன்றை மட்டும் பாராட்டாமல் விட முடியாது. ஜெனரிக்ஸில் இன்ட் என்ற வெறும் எண் டைப்பைப் போட முடியாது, இன்டிஜர்தான், அது ஆப்ஜெக்ட். காலையில் எண்ணிய சிப்பம், மாலையில் எண்ணிய சிப்பம் என்று இரண்டு லிஸ்ட், இரண்டையும் == வைத்து ஒப்பிட்டார்கள். 120ம் 120ம் சமம் என்று வந்தது. 140ம் 140ம் சமமில்லை என்று வந்தது. ஜாவா மைனஸ் 128இலிருந்து 127 வரை உள்ள எண்களுக்கு ஆப்ஜெக்டைச் சேமித்து வைத்துத் திரும்பத் திரும்ப அதையே தரும், அதற்கு மேல் போனால் வழக்கமாக வேறு வேறு ஆப்ஜெக்ட், == பார்ப்பது ஆப்ஜெக்ட் ஒன்றா என்பதைத்தான். ஈக்வல்ஸ் போட வேண்டும். சின்னக் கணக்கில் சோதித்துப் பார்த்துவிட்டு ஆலைக்குக் கொடுத்தால் அறுவடை நேரத்தில்தான் தெரியவரும்.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாடி அறை சித்திரை வைகாசியில் கொதிக்கும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஃபேனும் விளக்கும் ஓடும், டெஸ்க்டாப்கள் ஓடாது, அதனால் மடிக்கணினி வைத்திருப்பவர்களைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்துகொள்வார்கள். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் வெளியூர்ப் பிள்ளைகள் வர முடியாது என்று வகுப்பைத் தள்ளிவைத்துவிடுவார்கள், அந்த வகுப்பு பிறகு கட்டாயம் நடக்கும். அச்சடித்துத் தருகிற குறிப்பேடு ஆங்கிலத்தில் இருக்கிறது, அதில் உள்ள உதாரணங்கள் பழசு, பலகையில் எழுதுவதற்குக் கால்வாசிகூட வராது. நோட்டு எடுத்துப் போய் எழுதிக்கொள்ளுங்கள். கலெக்ஷனில் உள்ளவற்றை வடிகட்டி, மாற்றி எடுக்க உதவுகிற ஸ்ட்ரீம் பக்கம் வகுப்பு போவதே இல்லை, அதற்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டணம் சென்னை மையங்கள் கேட்பதில் பாதிகூட வராது, இரண்டு தவணையில் கட்டலாம், அறுவடைப் பணம் வந்ததும் கட்டுகிறோம் என்று சொன்ன வீடுகளுக்கு அவர் காத்திருந்ததையும் பார்த்தேன்.

ஜாவாவைப் புதிதாகத் தொடுகிறவர்கள் நேராக இங்கே வர வேண்டாம். லூப், கிளாஸ், இன்ஹெரிடன்ஸ் வரை எங்காவது முடித்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது நாள் எதுவும் பிடிபடாது. வேலையில் இருக்கிறவர்கள் கலெக்ஷன் பகுதிக்கு மட்டும் வரலாமா என்று கேட்டால் சம்மதிக்கிறார், உங்கள் அலுவலக நிரலில் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தால் அதையே எக்ஸ்லின்ட் போட்டு எல்லார் முன்னாலும் திருத்தித் தருகிறார், நாங்கள் கொண்டுபோன சரக்குக் கணக்கு ஃபைலைத் திருத்த ஒரு முழு வகுப்பு பிடித்தது. அடுத்த தொகுதி தைப் பொங்கல் முடிந்ததும் ஆரம்பம். மடிக்கணினி கொண்டுவருகிறவர்கள் ஜாவா நிரல் எழுதத் தேவையான ஜேடிகே 17 அல்லது அதற்கு மேல் வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், அங்கே நெட் மெதுவாக இருக்கும், முதல் நாள் பாதி அதிலேயே போய்விடும். விலாசம் வேண்டுபவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், மேடமிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன்.